பச்சை டிக் விழுந்தா போதுமா? ஆவண 'சிங்க்' செயலிகளின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ்... இதில் எது வேகம்? கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனா, அதற்கு நியாயமான பதிலைத் தரும் ஒரு சோதனையை வடிவமைப்பது லேசான வேலை இல்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் என்றால் இன்னும் சில சிக்கல்கள் சேர்ந்துகொள்கின்றன. இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது? இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

கிள்ளான் பண்டமாரானில் ஒரு சிறிய ஃபார்வர்டிங் அலுவலகம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு பேர் அலுவலகத்தில், ஒருவர் வீட்டில், இரண்டு பேர் துறைமுகத்துக்கும் சுங்கத்துறைக்கும் அலைபவர்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இறக்குமதிக்கான கே1 பாரம் எல்லாம் ஒரே பகிர்வு ஃபோல்டரில் இருக்கின்றன.

அலுவலகத்தில் இருப்பவர் இன்வாய்ஸில் ஒரு தொகையைத் திருத்துகிறார். திரையில் பச்சை டிக் விழுகிறது. ஆனா துறைமுகத்தில் நிற்பவரின் கைப்பேசியில் இன்னும் பழைய இன்வாய்ஸ்தான். அவர் அதையே அனுப்பிவிடுகிறார். பாரத்தில் உள்ள தொகையும் இன்வாய்ஸில் உள்ள தொகையும் ஒத்துப்போகாது. கண்டெய்னர் நிற்கும். இலவச நாட்கள் முடிந்துவிட்டால் ஸ்டோரேஜ் கட்டணம் ஓட ஆரம்பிக்கும்.

2021 டிசம்பர் வெள்ளத்தை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர், சான்றிதழ், கிராண்ட் என்று பார்த்து விட்டுவைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்குப் பலர் முக்கிய ஆவணங்களை ஸ்கேன் செய்து 'கிளவுட்'டில் போட்டுவைக்கிறார்கள். அந்தப் பிரதி உண்மையிலேயே மேலே போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு நேரத்தில் சேர்ந்தது, முழுசாகச் சேர்ந்ததா என்ற கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் இந்தச் சோதனைகளின் வேலை.

முதலில், சிங்க் என்றால் என்ன?

தமிழில் ஒத்திசைவு என்று சொல்கிறோம். ஒரே கோப்பின் பிரதிகள் பல கருவிகளில் இருக்கும்போது, ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றிலும் தானாக வந்து சேர வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குள் நடக்கும் வேலைகள் நான்கு. கோப்பு மாறியிருக்கிறது என்பதைச் செயலி முதலில் கவனிக்க வேண்டும். பிறகு எது மாறியது என்று கணக்கிட வேண்டும். அதைச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக, மற்றக் கருவிகள் அதை இறக்கிக்கொள்ள வேண்டும். மொத்தமாக எத்தனை வினாடி ஆனது என்று மட்டும் பார்த்தால், தாமதம் இந்த நான்கில் எந்த இடத்தில் நடந்தது என்று தெரியாது. எனவே நல்ல பெஞ்ச்மார்க் சோதனை ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக அளக்கும்.

பெஞ்ச்மார்க் என்பது, எல்லாச் செயலிகளுக்கும் ஒரே வேலையை, ஒரே சூழலில் கொடுத்து, ஒரே அளவுகோலால் அளப்பது. வேறொருவர் அதே சோதனையை மறுபடி செய்தாலும் ஏறக்குறைய அதே முடிவு வர வேண்டும்.

இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட் போதாதா?

போதாது. ஸ்பீட் டெஸ்ட் உங்கள் லைனின் அகலத்தைச் சொல்லும். சிங்க் செயலி அந்த லைனை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைச் சொல்லாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் அப்லோட் வேகம் வினாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாபைட் கோப்பு என்பது 8 மெகாபிட். அது 0.4 வினாடியில் போய்விட வேண்டும்.

இப்போ அதே 1 மெகாபைட்டை 100 சிறிய கோப்புகளாகப் பிரியுங்கள். செயலி ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரிடம் இரண்டு தடவை கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சர்வர் அமெரிக்காவில் இருந்து, ஒரு தடவை போய்வர 200 மில்லிசெகண்ட் ஆனால், காத்திருப்பு மட்டுமே 40 வினாடி. சர்வர் சிங்கப்பூரில் இருந்து, போய்வர 10 மில்லிசெகண்ட் ஆனால் 2 வினாடி.

லைன் ஒன்றுதான், டேட்டாவும் அதே அளவுதான். ஆனா 0.4 வினாடி வேலைக்கு 40 வினாடி ஆகிறது. நம்ம வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் அப்லோட் வேகம் டவுன்லோட் வேகத்தைவிடக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2024 ஆகஸ்டில் அமேசானின் ஏடபிள்யூஎஸ் நிறுவனம் மலேசியாவிலேயே தன் தரவு மையங்களின் தொகுப்பைத் திறந்தது. ஆனா நாட்டுக்குள் தரவு மையம் இருப்பது வேறு, நீங்கள் பயன்படுத்தும் செயலி உங்கள் கோப்பை அங்கே வைப்பது வேறு. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆய்வாளர்கள் எப்படி அளந்தார்கள்?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு 2013இல் வந்தது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தையும் இத்தாலியின் டூரின் பொறியியல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இடிலியோ டிராகோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐந்து சேவைகளை ஒப்பிட்டார்கள். டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், அப்போது ஸ்கைடிரைவ் என்று அழைக்கப்பட்ட ஒன்டிரைவ், அமேசான் கிளவுட் டிரைவ், வுவாலா ஆகியவையே அந்த ஐந்து.

அவர்கள் செயலிகளின் உட்புற நிரலைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அதற்குப் பதிலாக, ஒரு சோதனைக் கணினியில் செயலியைப் போட்டு, ஃபோல்டருக்குள் தாங்களே தயாரித்த கோப்புகளை வைத்து, வெளியே போகும் நெட்வொர்க் போக்குவரத்தைக் கவனித்தார்கள். லோரிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல், கேட்டில் நின்று எத்தனை லோரி போனது, எப்போது போனது என்று எண்ணுவது மாதிரி.

ஒவ்வொரு சேவையிலும் ஐந்து திறன்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள்.

• துண்டு போடுதல்: பெரிய கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புவது. நடுவில் லைன் அறுந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

• கட்டு கட்டுதல்: பல சிறிய கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது. மேலே பார்த்த 40 வினாடிப் பிரச்சினைக்கு இதுதான் மருந்து.

• இரட்டிப்பு தவிர்த்தல்: சர்வரில் ஏற்கெனவே இருக்கும் உள்ளடக்கத்தை மறுபடி அனுப்பாமல் இருப்பது.

• வேறுபாட்டை மட்டும் அனுப்புதல்: முழுக் கோப்பையும் அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது.

• சுருக்குதல்: அனுப்புவதற்கு முன் டேட்டாவின் அளவைக் குறைப்பது.

அந்த ஆய்வின்படி, வேறுபாட்டை மட்டும் அனுப்பும் திறன் அப்போது டிராப்பாக்ஸிடம் மட்டுமே இருந்தது. ஆனா டிராப்பாக்ஸ் எல்லாச் சோதனையிலும் முதலில் வந்துவிடவில்லை. பயனருக்குப் பக்கத்தில் சர்வர் வைத்திருந்த சேவைகள், இந்தத் திறன்கள் குறைவாக இருந்தாலும், சில சோதனைகளில் முந்தின. எந்த வேலையைக் கொடுத்துச் சோதித்தார்கள் என்று சொல்லாமல் 'இதுதான் வேகம்' என்று சொன்னால், அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை.

ஏமாற்ற முடியாத சோதனைக் கோப்பு

சுருக்கும் திறனைச் சோதிக்க அந்த ஆய்வாளர்கள் மூன்று வகைக் கோப்புகளைத் தயாரித்தார்கள். ஒன்று சாதாரண உரை. அது நன்றாகச் சுருங்கும். இன்னொன்று தாறுமாறான பைட்டுகள். அது சுருங்கவே சுருங்காது. மூன்றாவதுதான் சுவாரசியம். மேலே ஜேபெக் படம் என்று முத்திரை இருக்கும், உள்ளே இருப்பது உரை.

ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்க முயல்வது நேர விரயம். அதனால் ஒரு செயலி முத்திரையைப் பார்த்தே முடிவெடுக்கலாம். கூகுள் டிரைவ் அப்படித்தான் செய்தது என்று இந்தப் போலிப் படங்கள் காட்டிக்கொடுத்தன. டிராப்பாக்ஸ் எது வந்தாலும் சுருக்கிப் பார்த்தது.

இரட்டிப்பு தவிர்க்கும் திறன் இருக்கும் செயலிக்கு, ஒரே சோதனைக் கோப்பை இரண்டாம் தடவை கொடுத்தால் ஒரு வினாடியில் முடித்துவிடும். அதை வேகம் என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக உருவாக்கிய கோப்பு வேண்டும்.

இன்வாய்ஸில் ஒரு எண் மாறினால் எவ்வளவு டேட்டா போக வேண்டும்?

வேறுபாட்டை மட்டும் அனுப்பும் யோசனைக்கு ஒரு பழைய மூலம் உண்டு. 1996இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எண்ணைக் கணக்கிட்டு, இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் அனுப்பும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துண்டுகளின் எல்லை நிலையாக இருந்தால், கோப்பின் ஆரம்பத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் பின்னால் வரும் எல்லாத் துண்டுகளும் ஒரு இடம் தள்ளிப் போகும். எல்லாக் கைரேகையும் மாறிவிடும். ஆர்சிங்க், கைரேகையை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக் கணக்கிடுவதால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது.

அதனால் சோதனை வடிவமைப்பவர், கோப்பின் கடைசியில் சேர்ப்பது, ஆரம்பத்தில் சேர்ப்பது, நடுவில் எங்காவது மாற்றுவது என்று மூன்றையும் தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டும். கடைசியில் சேர்ப்பதை மட்டும் சோதித்தால் எல்லாச் செயலியும் கெட்டிக்காரச் செயலியாகத் தெரியும்.

இன்னொன்று. வேர்ட், எக்செல் கோப்புகளின் இன்றைய வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உரை அதற்குள் சுருக்கப்பட்டு இருக்கிறது. நீங்கள் ஒரு சொல்லை மாற்றினால், சுருக்கப்பட்ட வடிவில் அந்த இடத்துக்குப் பிறகு வருவதெல்லாம் மாறிப்போகலாம். எனவே வெறும் உரைக் கோப்பில் வந்த அருமையான முடிவு, உங்கள் அலுவலக இன்வாய்ஸுக்குப் பொருந்தாமல் போகலாம். நீங்கள் உண்மையில் எந்த வகைக் கோப்பைப் பயன்படுத்துகிறீர்களோ, அந்த வகையைத்தான் சோதிக்க வேண்டும்.

இதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. மாற்றத்தின் அளவோடு ஒப்பிட்டால், எத்தனை மடங்கு டேட்டா லைனில் ஓடியது என்று கணக்கிடுவது. சென்ஹுவா லீ என்ற சீன ஆய்வாளரின் குழு 2014இல் இந்த அளவுகோலை வைத்துப் பல சேவைகளைச் சோதித்தது. 5 மெகாபைட் கோப்பில் 10 கிலோபைட் மட்டும் மாறி, செயலி முழுக் கோப்பையும் அனுப்பினால், 500 மடங்கு. கைப்பேசி டேட்டாவில் வேலை செய்பவருக்கு இந்த எண் வினாடிக் கணக்கைவிட முக்கியமாக இருக்கலாம்.

எப்போது 'சேர்ந்தது' என்று சொல்வது?

பச்சை டிக் என்பது செயலி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சோதனையில் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

சில செயலிகளில் கோப்பின் பெயர் மறு கணினியில் உடனே தெரியும், உள்ளடக்கம் வந்திருக்காது. திறக்கும்போதுதான் இறங்கும். ஒன்டிரைவில் மேக அடையாளத்துடன் தெரியும் கோப்புகள் இப்படித்தான். எனவே மறுபக்கத்தில் கோப்பைத் திறந்து, அதன் கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, மூலத்தோடு ஒத்துப்போனால் மட்டுமே 'சேர்ந்தது' என்று குறிக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். ஒரு லேப்டாப்பில் 10 மணி 0 நிமிடம் 0 வினாடிக்கு அனுப்பி, இன்னொன்றில் 10 மணி 0 நிமிடம் 3 வினாடிக்கு வந்ததாகப் பதிவானால், 3 வினாடி ஆனது என்று சொல்லலாமா? இரண்டு கடிகாரங்களுக்கும் 2 வினாடி வித்தியாசம் இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. இரண்டு கணினிகளையும் ஒரே நேரச் சர்வரோடு சரிசெய்துகொள்ளலாம். ஒரே கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். அல்லது, கோப்பு வந்ததும் மறுபக்கம் ஒரு பதில் கோப்பை அனுப்பச் சொல்லி, போய்வந்த மொத்த நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளக்கலாம்.

இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் இன்னொரு சிக்கல். டிராப்பாக்ஸ் போன்ற செயலிகள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகளுக்கு இடையே கோப்பை நேரடியாகவே கடத்தும் வசதி கொண்டவை. அப்போது நீங்கள் அளப்பது கிளவுட்டின் வேகம் இல்லை, உங்கள் ரவுட்டரின் வேகம்.

தமிழ்க் கோப்புகளுக்கு என்ன தனிச் சிக்கல்?

பெரும்பாலான சோதனைகள் ஆங்கிலப் பெயர்கள், ஆங்கில உரைகளை வைத்தே நடக்கின்றன. நம் பக்கத்துக் கோப்புகள் அப்படி இல்லை. சங்கக் கூட்டக் குறிப்பு, ஆலய ஆண்டறிக்கை, தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டம் என்று தமிழிலேயே பெயர் வைக்கிறோம்.

'பண்டமாரான்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஆறு எழுத்து. கணினிக்கு அது ப, ண, புள்ளி, ட, ம, கால், ர, கால், ன, புள்ளி என்று 10 யூனிகோட் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 30 பைட். இதே ஊர்ப்பெயரை ரூமி எழுத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட்.

உரைக்குள் இது பெரிய பிரச்சினை இல்லை, சுருக்கினால் நிறையக் குறைந்துவிடும். கோப்பின் பெயரில்தான் சிக்கல். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் கோப்பு முறைகள் ஒரு பெயருக்கு அதிகபட்சம் 255 பைட் தரும். அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையோ பைட்டைப் பார்ப்பதில்லை. 255 குறிகளை ஏற்றுக்கொள்ளும்.

உதாரணத்துக்கு இந்தப் பெயரைப் பாருங்கள்: 'தேசிய வகை தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை 2024'. வேர்ட் கோப்புக்கான பின்னொட்டோடு சேர்த்து இது 219 பைட். எல்லா இடத்திலும் போகும். இதையே யாராவது 'இறுதித் திருத்தம்' என்று சேர்த்து சேவ் செய்தால் 269 பைட். விண்டோஸ் லேப்டாப் ஏற்றுக்கொள்ளும். 255 பைட் எல்லை உள்ள சர்வர் ஏற்காது. அந்த ஒரு கோப்பு மட்டும் சிங்க் ஆகாமல் நிற்கும். பாவம், அதுதான் கடைசிப் பதிப்பு.

இரண்டாவது சிக்கல், ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவங்கள். 'கொ' என்ற எழுத்தை, க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். ஓகாரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனா பைட்டுகள் வேறு. ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. மற்றக் கணினிகளில் பொதுவாகச் சேர்ந்த வடிவம். இரண்டும் ஒன்றே என்று செயலிக்குத் தெரியாவிட்டால், 'பொதுக்கூட்டம்' என்ற பெயரில் ஃபோல்டருக்குள் இரண்டு கோப்புகள் நிற்கும். எதில் புதிய கணக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தமிழ்க் கணிமைக்கு மலேசியா புதிய ஊர் இல்லை. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே இங்கிருந்து வந்ததுதான். தமிழ்ப் பயனர்களுக்கான சிங்க் சோதனை என்றால், நீளமான தமிழ்ப் பெயர், ஒகர ஓகார ஔகாரம் வரும் பெயர், தமிழும் ரூமியும் கலந்த பெயர் ஆகிய மூன்றும் சோதனைப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வேகமாகச் செய்து, தப்பாகச் செய்தால்?

ஒரு செயலி எல்லா வேகச் சோதனையிலும் முதலிடம். ஆனா இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவரின் திருத்தத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. அதை வேகமான செயலி என்று சொல்வீர்களா?

அதனால் வேகச் சோதனையோடு சரித்தன்மைச் சோதனையும் சேர்ந்தே போக வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய சூழல்கள்:

• இரண்டு கருவிகளும் ஆஃப்லைனில் இருக்கும்போது ஒரே கோப்பை இருவரும் திருத்துவது.

• ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் அந்தக் கோப்பை டெலிட் செய்வது.

• ஒருவர் ஃபோல்டரின் பெயரை மாற்றும்போது இன்னொருவர் அதற்குள் புதிய கோப்பு போடுவது.

• அப்லோட் பாதியில் இருக்கும்போது லைன் அறுவது, பேட்டரி தீர்வது.

2016இல் ஜான் ஹியூஸ், பெஞ்சமின் பியர்ஸ் உள்ளிட்ட கணினி அறிவியலாளர்கள் ஒரு புதிய வழியைக் காட்டினார்கள். மனிதர்கள் யோசித்து எழுதும் சோதனைகளுக்குப் பதிலாக, 'சிங்க் செயலி இப்படித்தான் நடக்க வேண்டும்' என்ற விதிகளை எழுதி, கணினியையே தாறுமாறான செயல் வரிசைகளை உருவாக்கிச் சோதிக்கச் சொன்னார்கள். பரவலாகப் பயன்பட்ட இரண்டு சேவைகளில் யாரும் எதிர்பாராத நடத்தைகள் தெரியவந்தன.

டிராப்பாக்ஸ் நிறுவனமும் பின்னர் தன் சிங்க் இயந்திரத்தை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியபோது இதே போன்ற முறையைக் கையாண்டது. ஒவ்வோர் இரவும் பத்து மில்லியன்கள் கணக்கில் தாறுமாறான சோதனைகளை ஓட்டுவதாக 2020இல் அதன் பொறியாளர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு விதை எண் உண்டு. எது தோற்றாலும், அந்த எண்ணைக் கொடுத்து அதே தோல்வியை அச்சு அசலாக மறுபடி உருவாக்க முடியும். 'எப்பவாவது ஒரு தடவை நடக்குது' என்ற புகாரைப் பிடிக்க இது பெரிய உதவி.

ஒரே பக்கத்தில் பலர் எழுதும்போது?

கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் கோப்பு முழுசாகப் போய்வருவதில்லை. ஒவ்வொரு விசைத் தட்டலும் தனி மாற்றமாகப் போகிறது. இங்கே சோதனைக்கு என்ன கொடுப்பது? தாறுமாறான எழுத்துகளை உள்ளிட்டால், மனிதர்கள் எழுதுவது போல இருக்காது. நாம் ஒரு வரியைத் தொடர்ந்து அடிப்போம், பின்னால் போய் அழிப்போம், மறுபடி அடிப்போம்.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் மார்ட்டின் க்ளெப்மன், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்பட்டபோது நடந்த எல்லாத் திருத்தங்களையும் பதிவுசெய்து வெளியிட்டார். சுமார் 260,000 திருத்தங்கள். இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் பொதுச் சோதனைத் தரவாக அது ஆகிவிட்டது.

2021இல் ஜோசஃப் ஜென்டில் என்ற மென்பொருளாளர் அதே தரவை வைத்துச் சில நிரல் நூலகங்களை ஒப்பிட்டார். ஆட்டோமெர்ஜ் என்ற நூலகத்தின் அப்போதைய பதிப்புக்கு ஏறக்குறைய 5 நிமிடம் ஆனது. ஒய்ஜேஎஸ் சுமார் 1 வினாடியில் முடித்தது. அவரே எழுதிய நூலகத்துக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. 2023இல் வந்த ஆட்டோமெர்ஜ் 2.0 பெருமளவு வேகம் பிடித்தது. எல்லோரும் ஒரே தரவை வைத்து அளந்ததால்தான் எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது. ஆனா அந்தத் தரவு ஆங்கிலக் கட்டுரை. ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று குறிகள் விழும் தமிழ்த் தட்டச்சு அதில் இல்லை.

முடிவுகளை எப்படிப் படிப்பது?

யாராவது 'இந்தச் செயலி மூன்று மடங்கு வேகம்' என்று சொன்னால், சில கேள்விகள் கேளுங்கள்.

எத்தனை தடவை ஓட்டினார்கள்? பத்துத் தடவையில் ஒன்பது தடவை 4 வினாடி, ஒரு தடவை 90 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12.6 வினாடி. ஒரு தடவைகூட உண்மையில் 12.6 வினாடி ஆகவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணையும், மிக மோசமான எண்ணையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. துறைமுகத்தில் நிற்பவரை மாட்டிவிடப்போவது அந்த 90 வினாடிதான்.

எப்போது நடந்தது? 2013 ஆய்வில் இருந்த வுவாலா 2015இல் மூடப்பட்டது. ஒன்டிரைவில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வசதியை எல்லா வகைக் கோப்புகளுக்கும் விரிவுபடுத்துவதாக 2020இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய ஆய்வின் வழிமுறையை இன்றும் பயன்படுத்தலாம். அதன் தரவரிசையைப் பயன்படுத்தக் கூடாது.

யார் நடத்தியது? சோதனை இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு மட்டும் நன்றாக நடக்கும்படி பொருளை அமைக்க முடியும். 2015இல் வெளிவந்த வோக்ஸ்வேகன் டீசல் புகைச் சோதனை மோசடி அதற்கு உலகம் அறிந்த உதாரணம். விற்பவரே நடத்திய சோதனை என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால்

பெரிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டு லேப்டாப், ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

1. ஒரு லேப்டாப்பை வீட்டு வைஃபையிலும் மற்றதை ஹாட்ஸ்பாட்டிலும் இணையுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது.

2. 1 மெகாபைட் கோப்பு ஒன்று, 10 கிலோபைட் கோப்புகள் 100, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வகையில் ஒரு வேர்ட் அல்லது எக்செல் கோப்பு, நீளமான தமிழ்ப் பெயருடன் ஒன்று எனத் தயார்செய்யுங்கள்.

3. உண்மையான வாடிக்கையாளரின் மைகார்டு நகல், சம்பளப் பட்டியல் எதையும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

4. ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் புதிய உள்ளடக்கத்தோடு அனுப்புங்கள். காலை ஒரு சுற்று, லைன் நெருக்கடியாக இருக்கும் இரவு ஒரு சுற்று செய்யுங்கள்.

5. மறுபக்கம் கோப்பைத் திறந்து பார்த்த பிறகே நேரத்தைக் குறியுங்கள்.

6. இரண்டு லேப்டாப்பையும் ஆஃப்லைனில் வைத்து, ஒரே கோப்பை இரண்டிலும் வெவ்வேறு விதமாகத் திருத்தி, பிறகு இணையுங்கள். இரண்டு திருத்தமும் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று காணாமல் போயிருந்தால், அந்தச் செயலியின் வேக எண்களை மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

7. எந்தத் தேதி, எந்தச் செயலியின் எந்தப் பதிப்பு, எந்த லைன், எந்த வகைக் கோப்பு என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க அது வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிங்க் என்பது பேக்கப் இல்லை. ஒரு கருவியில் தவறுதலாக அழித்த கோப்பை, நல்ல சிங்க் செயலி மற்ற எல்லாக் கருவிகளிலும் அதே வேகத்தில் அழித்துவிடும். கிராண்ட், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றின் ஸ்கேன் பிரதிகளைச் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே, தனி ஹார்ட்டிஸ்க்கில் ஒன்றாவது வைத்திருங்கள். வெள்ளம் வந்தால் முதலில் தூக்க வேண்டிய பையில் அதுவும் இருக்கட்டும்.